மேலே தேங்கிய நீலம்

புரொபசர் அல்வீசே நோர்தியோ தூரிகையை வாயில் வைத்துச் சப்பிக் கூராக்கினார். அதே வாயால் தட்டிலிருந்த கணவாய் மீன் துண்டு ஒன்றைக் கவ்வி இழுத்தார். கணவாயின் மை உதட்டோரம் கறுப்பாக வழிந்தது. துடைக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கிட்ட வா கண்ணு. தள்ளி நின்னா வித்தை எப்படிப் புரியும்?"

"இங்கிருந்தே நல்லாத் தெரியுது புரொபசர். வாசனைகூட வருது" என்றேன்.

பக்கத்தில் நின்ற உல்தெரிக்கோ தெஸ்ஸாரி இருமினார். சிரிப்பு வந்தால் அவர் இருமுவார். பதுவாவில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாள், நொரீனா. கண்ணாடியும் டையும் போட்ட எவரையும் எங்கள் ஊரில் 'தொத்தோரே' என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். இந்த வேலைக்கு முன்னால் பதினோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். புரொபசர் மூச்சு விட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, நவம்பர். வெனிஸில் அவர் வீட்டு மாடி. காயலை நீர்வண்ணத்தில் தீட்டுவதில் அவருக்கு நிகராக யாருமில்லை என்று பேப்பர்கள் எழுதிய காலம். மூன்று வருடமாகக் கைவலி என்று சொல்லிப் புதிதாக எதுவும் தீட்டவில்லை. இந்த நேரம் பார்த்து, வெனிஸ் கடை ஒன்றில் புதுப் படங்கள் தலைகாட்டின. அதே காயல், அதே வானம், மூலையில் அதே 'ஏ. நோர்தியோ' கையெழுத்து.

"எல்லாம் கள்ளப்படம்" என்றார் புரொபசர். "போலீஸ்ல சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டேன். ஆனா போலீஸ்காரன் பொறுமையாத் தேடுவான். எனக்கு ஆள் இருக்கிற இடம் சீக்கிரம் தெரியணும். கண்டுபிடிச்ச உடனே முதல் போன் எனக்கு. போலீஸுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். புரியுதா கண்ணு?"

நம்பர் எழுதிய சீட்டை என் உள்ளங்கையில் வைத்து, தேவைக்கு மேல் ரொம்ப நேரம் அழுத்தினார். அவர் விரல் வழவழவென்றிருந்தது.

"வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்று தெஸ்ஸாரி கேட்டார்.

புரொபசர் சுவரில் கறுப்பு நாடா கட்டிய ஒரு புகைப்படத்தை முள்கரண்டியால் காட்டினார். "பொண்டாட்டி. போர்ல குண்டு விழுந்து போயிட்டா." மென்றுகொண்டே சொன்னார்.

"நிஜப் படம் எப்படி இருக்கும்னு ஒரு தடவை காட்டினா, போலியைப் பிடிக்க வசதியா இருக்கும்" என்றார் தெஸ்ஸாரி. "வானம் மட்டும் போதும்."

புரொபசருக்கு மனம் குளிர்ந்துபோய்விட்டது. பலகையில் தாளை ஒட்டி, லேசாகச் சாய்த்து, மேலிருந்து கீழே நீலத்தை இழுத்துக்கொண்டு வந்தார். ஈர நீலம் இறங்கி வந்து அடியில் குளம் கட்டி நின்றது. "நோர்தியோ வானம்! வெச்சுக்கோங்க, அன்பளிப்பு" என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

உள்ளே டெலிபோன் அடித்தது. அவர் போனதும் தெஸ்ஸாரி மேஜைக்குக் குனிந்தார். கடையில் பிடித்த கள்ளப்படம் ஒன்று, நாற்பத்தேழில் புரொபசர் தீட்டிய அசல் ஒன்று, இரண்டும் சட்டமில்லாமல் கிடந்தன. நாக்கை நீட்டி இரண்டின் ஓரத்தையும் ஒவ்வொரு முறை நக்கினார்.

"தொத்தோரே! பசிச்சா சொல்லக் கூடாதா? வழியில ரொட்டி வாங்கித் தந்திருப்பேனே."

"உப்பு" என்றார்.

"மிளகும் போடச் சொல்லவா?"

அவர் படத்தைத் திருப்பினார். கள்ளப்படத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டி எடுத்து என் முன்னால் நீட்டினார். மீன் செதில்.

"படத்துல இருக்கிற படகுப் பாய்களைப் பாரு. சிவப்பு, மஞ்சள், நடுவுல சேவல் சின்னம். கியோஜ்ஜா ஊர்ப் படகு. இந்த ஓவியர் கடல் தண்ணியில வண்ணம் கரைக்கிறாங்க, மீன் பக்கத்துல உட்காந்து வரையறாங்க. கிளம்பு."

படகில் கியோஜ்ஜா போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. வழி நெடுக அவர் மடியில் புரொபசர் கொடுத்த வானத்தை வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடியே வந்தார். ஏதோ கேட்டேன். "இரு" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியதற்காக இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.

மீன் சந்தை கலைகிற நேரம். கல்தரையில் ரத்தமும் குடலும் வழுக்கின. தெஸ்ஸாரிக்கு மீன் என்றாலே ஆகாது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நுனிக்காலில் நடந்தார். கேள்வி கேட்கும் வேலை எனக்கு வந்தது.

"அக்கா, இங்க படம் போடுற ஆள் யாராச்சும் மீன் வாங்குறாங்களா?" என்று இறால் உரித்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரியிடம் கேட்டேன்.

அவள் கத்தியை நிறுத்தினாள். "யாரு, கறுப்புச் சால்வை அம்மாவா? அதை ஏன் கேக்குற! நல்ல மீனைக் கொடுத்தா வேண்டாங்கும். நேத்து மீன் இருக்கா, முந்தாநாள் மீன் இருக்கான்னு கேக்கும். கண்ணு வெளுத்து, வயிறு ஊதி இருந்தாத்தான் அதுக்குப் பிடிக்கும். கொண்டுபோயி நாலு நாள் வெச்சுப் பாத்துட்டுத் திரும்ப இங்க கொண்டாந்து பூனைக்குப் போடும். பூனையே ஓடுது!"

தெஸ்ஸாரி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு எங்கக்கா?"

"பாலத்தாண்ட பார் இருக்குல்ல, அதுக்கு மேல்மாடி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போ."

பாருக்குப் போனதும் தெஸ்ஸாரி குழாயடிக்கு ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எதிரே சுவரில் டெலிபோன். கையில் புரொபசர் கொடுத்த சீட்டு. வேலையைச் சுறுசுறுப்பாக முடிப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு பெருமை உண்டு. போன் போட்டு, ஆள் அகப்பட்டதையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டேன்.

"பொம்பளையா?" என்றார் புரொபசர்.

"ஆமாம். வயசானவங்க."

அந்தப் பக்கம் மூச்சு வேகமாகியது. "அங்கேயே இரு கண்ணு. அவளை எங்கயும் போக விட்டுடாதே."

மாடிக் கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒரு கையில் பலகை. அதில் ஈரத் தாள். எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். தாள் காய்வதற்குள் பேசக் கூடாதாம். நாங்கள் நாற்றத்துக்குள் நுழைந்தோம். ஜன்னல் திட்டில் தட்டு நிறைய அழுகிய கணவாய். ஈக்கள். சுவர் முழுக்கக் காயல்.

நாங்கள் நின்று பார்த்தோம். அவர் பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தொடுவானம் மேலே, உச்சிவானம் கீழே. நீலம் வழிந்து உச்சிவானத்தில் போய்த் தேங்கியது. காய்ந்ததும் நேராகத் திருப்பி நிறுத்தினார். கீழே வெளிறி, மேலே போகப் போக ஆழமாகி, பார்க்கிறவரைத் தலை நிமிர்த்தச் செய்கிற வானம்.

"தண்ணி மேல ஏறாது, நொரீனா" என்றார் தெஸ்ஸாரி மெல்ல. "கடையில பிடிச்ச படத்துல கரு நீலம் மேல தேங்கியிருந்துச்சு. நாற்பத்தேழுல வரைஞ்ச அசல்லயும் மேலதான். ரெண்டுலயும் ஒரே உப்பு. இன்னைக்குக் காலையில நம்ம கண்ணு முன்னாடி புரொபசர் போட்டாரே, அதுல மட்டும் கீழ."

நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். "அப்போ அசலும் கள்ளப்படமும் ஒரே கை."

"ஒரே கை. அது புரொபசர் கை இல்ல. சிஞோரா, அந்தக் கையெழுத்தை ஏன் போடுறீங்க?"

"வேற என்ன போடறது?" என்றார் அந்த அம்மாள். "என் பேரு ஆர்மிதா நோர்தியோ."

குண்டு விழுந்து செத்துப்போன மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு மகளே, முகம் வெளுத்துப்போச்சே" என்றார்.

அவர் கதையை அழாமல் சொன்னார். அப்பா படகுப் பாய்களுக்குச் சாயம் தீட்டுகிறவர். இருபத்துநான்கு வயதில் ஓவிய ஆசிரியரான அல்வீசேவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் பாடம் நடத்துவார், இவள் வீட்டில் வரைவாள். ஏ. நோர்தியோ என்று தன் பெயரைத்தான் போட்டாள். எங்கள் எழுத்தில் ஆர்மிதாவுக்கும் அல்வீசேவுக்கும் முதலெழுத்து ஒன்றே. பார்த்தவர்கள் அல்வீசே என்று படித்தார்கள், அல்வீசே திருத்தவில்லை.

"நானும் திருத்தல. பத்தொம்பது வருஷம் வாயைத் திறக்கல. முப்பத்தெட்டுல ஒரு கண்காட்சி. பெரிய மனுஷங்க எல்லாம் நிக்கிறாங்க. ஒரு படத்தைப் பாத்ததும் பட்டுனு வாயில வந்துடுச்சு, 'ஐயோ, இந்த இடது மூலையை நான் இன்னும் முடிக்கலையே'ன்னு. அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் தீவுல இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுட்டாரு. புருஷன் படத்தைத் தன் படம்ங்கிறாளாம், முத்திப்போச்சாம்."

"எத்தனை வருஷம்?"

"பதினாறு. ஜன்னலோரக் கட்டில் வாங்கிக் கொடுத்தாரு. ஜன்னல் இல்லாட்டி காயலை எப்படி வரையறது? மாசம் முதல் ஞாயித்துக்கிழமை தாளும் வண்ணமும் கொண்டு வருவாரு. நாலு படம் கொடுத்தா ஒரு கம்பளி. கொடுக்காட்டி இருக்கிற கம்பளியும் போயிடும். குடிக்கிற தண்ணியில தூரிகை நனைச்சா தாதி அடிப்பா. அதனால டப்பாவைக் கயித்துல கட்டி ஜன்னல் வழியா இறக்கிக் கடல் தண்ணி எடுப்பேன். அந்தப் பழக்கம் விடல."

மீன் நாற்றம் எனக்கு மறந்துவிட்டது. வேறொரு நாற்றம் தொண்டை வரை ஏறியது. சுவரில் தொங்கிய கறுப்பு நாடாவும், அதைக் காட்டிய முள்கரண்டியும், மென்றுகொண்டிருந்த வாயும்.

"புதுசா ஒரு டாக்டரம்மா வந்தாங்க. ஒரு நாள் முழுக்கப் பக்கத்துல உக்காந்து நான் வரையறதைப் பாத்தாங்க. கோர்ட்டுக்கு எழுதி வெளிய விட்டாங்க. அவருக்குத் தெரியாம இங்க வந்துட்டேன். வானம் வித்துச் சாப்பிடறேன். என் ஆசைக்கு வரையறது அந்த அழுகின மீனைத்தான். கண்டுபிடிச்சா திரும்ப அடைச்சிடுவாரு. புருஷன் ஒரு பத்திரம் எழுதி, டாக்டர் ஒருத்தன் கையெழுத்துப் போட்டா போதுமே."

"தொத்தோரே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் போன் பண்ணிட்டேன்."

தெஸ்ஸாரி திரும்பினார். "எப்போ?"

"நீங்க வாந்தி எடுத்தப்போ. நாற்பது நிமிஷம் ஆச்சு."

"விசைப்படகுல ஒரு மணி நேரம்." அவர் முகத்தில் கோபமில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "உப்பைச் சொன்ன வாய் மீதியையும் சொல்லியிருக்கணும். தப்பு என்னுது."

"சிஞோராவைக் கூட்டிக்கிட்டு ஓடிடலாமா?"

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?" ஆர்மிதா பாவாடையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இரண்டு கணுக்காலும் வீங்கி, பழைய தழும்போடு இருந்தன. தழும்பு எதனால் என்று நாங்கள் கேட்கவில்லை.

என் மண்டையில் ஏதோ பொறி தட்டியது. அவரை அடைக்கத்தான் ஆள் வருகிறது. அதற்கு முன்னால் வேறு யாராவது அவரைப் பிடித்துவிட்டால்?

மூன்று மூன்று படியாக இறங்கி, மீன் குடலில் சறுக்கி விழுந்து எழுந்து, போலீஸ் நிலையத்துக்குள் ஓடினேன். நிலையப் பொறுப்பிலிருக்கும் மரேஷால்லோவான சாந்தொருவோ என்ற தெற்கத்தி அதிகாரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"நோர்தியோ கள்ளப்படக் கேஸ். புகார் உங்ககிட்ட வந்திருக்கா?"

"வந்திருக்கு. ஏம்மா, மீன்தொட்டிக்குள்ள விழுந்தியா?"

"குற்றவாளி அகப்பட்டாச்சு. புகாரைக் கையில எடுத்துக்கிட்டு வாங்க. உடனே கைது பண்ணணும். தயவு பண்ணி!"

முப்பது வருட சர்வீஸில் இவ்வளவு கெஞ்சி யாரும் ஒருவரைக் கைது செய்யச் சொன்னதில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார்.

நாங்கள் மாடியேறியபோது புரொபசர் வந்துவிட்டிருந்தார். கூட வெள்ளை அங்கி போட்ட இரண்டு தடியர்கள். ஒருவன் தோளில், பைத்தியங்களைக் கட்டிப்போடுகிற நீளக் கை வைத்த சட்டை. தெஸ்ஸாரி வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தார். கண்ணாடி உடைந்து கீழே கிடந்தது. புரொபசர் தன் மனைவியைப் பார்க்கக்கூட இல்லை. சுவரிலிருந்த படங்களை அவசர அவசரமாகக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் காலையில் தின்ற கணவாயின் மை இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பாவம், நோயாளி" என்றார் மரேஷால்லோவிடம். "என் பொண்டாட்டிதான். நிலப்பக்கம் ஒரு நல்ல விடுதி பாத்திருக்கேன். பேரிக்காய்த் தோட்டமெல்லாம் இருக்கு. பெரிய ஜன்னல்."

"செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றேன்.

"வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு கண்ணு."

மரேஷால்லோ ஆர்மிதாவிடம் போனார். "இந்தப் படமெல்லாம் நீங்க வரைஞ்சதா?"

"நான்தான்."

"அப்படின்னா நீங்க என் கைதி. கூட வாங்க."

"அதெல்லாம் வேண்டாம்!" புரொபசர் குறுக்கே வந்தார். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். இதோ விடுதிப் பத்திரம். சத்தியம் பண்ணி, டாக்டர் கையெழுத்தோட இருக்கு."

தெஸ்ஸாரி தரையில் தடவி உடைந்த கண்ணாடியை எடுத்து ஒரு கண்ணில் வைத்துக்கொண்டார். "மரேஷால்லோ, ரெண்டு பத்திரத்தையும் சேத்து வெச்சுக் கொஞ்சம் உரக்கப் படிங்களேன்."

மரேஷால்லோ முதலில் புகாரைப் படித்தார். "'இப்படங்களை வரைந்தவர், நிபுணர்களும் ஏமாறும் அளவுக்கு நீர்வண்ணத்தில் தேர்ந்த கை உள்ளவர் எனச் சத்தியமாகக் கூறுகிறேன்.'" பிறகு விடுதிப் பத்திரம். "'என் மனைவிக்குத் தூரிகை பிடிக்கவும் தெரியாது, தான் ஓவியர் என்று நம்புவதே அவள் நோய் எனச் சத்தியமாகக் கூறுகிறேன்.'"

மரேஷால்லோ இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்.

"ஒரே ஆளு, ரெண்டு சத்தியம்" என்றார் மரேஷால்லோ. "இந்த அம்மாவுக்கு வரையத் தெரியும்னா, விடுதிப் பத்திரம் பொய். தெரியாதுன்னா, புகார் பொய். எது பொய்னு நீங்களே சொல்லிடுங்க புரொபசர். எனக்கு எழுத வசதியா இருக்கும்."

புரொபசர் வாயைத் திறந்து மூடினார். சந்தைக் கல்லில் கடைசியாகத் துடிக்கிற மீனைப் போல. தடியர்களில் ஒருவன் நீளக்கைச் சட்டையை மெதுவாக மடித்து அக்குளில் செருகிக்கொண்டான்.

"நான் இல்லாட்டி இவ யாரு?" என்று கத்தினார் புரொபசர். எச்சில் தெறித்தது. "பாய்க்குச் சாயம் அடிச்சவன் மக! பேரு எழுதக் கத்துக் கொடுத்ததே நான்!"

"ஆமா" என்றார் ஆர்மிதா. "பேரு எழுதக் கத்துக் கொடுத்தாரு. அதைத்தான் எழுதுறேன்." அடையாளச் சீட்டை எடுத்து நீட்டினார். ஆர்மிதா நோர்தியோ.

மரேஷால்லோ அதைப் படத்தின் மூலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சொந்தப் பேரை எழுதறது கள்ளக் கையெழுத்து இல்லையே! சரி, அதை ஜட்ஜ் பாத்துக்கட்டும். அதுவரைக்கும் என் கைதி மேல யாரும் கை வைக்கக் கூடாது. கையில இருக்கிற படத்தைக் கீழ வைங்க புரொபசர். அது அத்தாட்சி."

நிலையத்துக்கு நடக்கும்போது ஆர்மிதா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாலத்தில் நின்று மூச்சு வாங்கினார். அங்கே சொல்லிவிட்டேன். "நீங்க இருக்கிற இடத்தைப் போன் பண்ணிச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றார். "பாருக்கு மேலதானே என் வீடு. உன் குரல் மூணு தெருவுக்குக் கேக்கும்."

"பின்ன ஏன் கதவைத் திறந்தீங்க?"

"ஓட முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு பூட்டி வெச்சு என்ன பண்ண? யாராச்சும் உள்ள வந்து, நான் வரையறதை நின்னு பாத்துட்டாவது போகட்டும்னு தோணுச்சு." என் சட்டையில் ஒட்டியிருந்த மீன் குடலை விரலால் எடுத்துக் கால்வாயில் போட்டார். "நீ நின்னு பாத்தே."

பிப்ரவரியில் நீதிபதி இருவருக்கும் பலகையும் தாளும் கொடுத்தார். ஆர்மிதா பலகையைத் தலைகீழாகத் திருப்பினார். சில நிமிடங்களில் கோர்ட்டுக்குள் வானம் வந்தது. புரொபசர் கைவலி என்றார். டாக்டரம்மாவும் வந்து சாட்சி சொன்னார். பொய்ச் சத்தியத்துக்காகப் புரொபசருக்குத் தண்டனை கிடைத்தது. வயதைச் சொல்லி வக்கீல் அதையும் வீட்டுக் காவலோடு முடித்துவிட்டார். அவர் படம் வைத்திருந்த ஓவிய மண்டபத்தார் பெயர்ப்பலகையை மாற்றவேயில்லை. 'ஏ. நோர்தியோ என்றுதானே இருக்கிறது, சரியாகத்தானே இருக்கிறது' என்று எங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதத்தைத் தொட்ட கையை நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஆர்மிதா அதற்குப் பிறகு வானம் வரையவில்லை. பெரிய ஆட்கள் வந்து கேட்டார்கள். பதினாறு வருடம் பார்த்தாயிற்று, போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஈஸ்டருக்கு எங்கள் ஆபீஸுக்கு ஒரு பொட்டலம் வந்தது. தெஸ்ஸாரி பிரித்தார். அழுகிய கணவாய் ஒன்று, முழுத்தாள் அளவில். வெளுத்த கண், ஊதிய வயிறு, தோல் கிழிந்து ஊதாவும் பச்சையுமாக வழிகிற சதை. அந்த அருவருப்பில் அப்படியொரு பளபளப்பு. கண்ணை எடுக்க முடியவில்லை.

தெஸ்ஸாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"தாள்தான் தொத்தோரே. நாறாது."

"தெரியும்" என்றார். ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கீழ் மூலையில் ஈரம் காய்ந்த கறுப்பில், யாரும் வேறு மாதிரி படிக்க முடியாதபடி, முழுசாக எழுதியிருந்தது: ஆர்மிதா.